உம்பர்டோ டி: கதையே இல்லாத படமா?

'உம்பர்டோ டி பார்த்தேன், ஒன்றுமே நடக்கவில்லை, இதை ஏன் கிளாசிக் என்கிறார்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக ராத்திரி படுத்துக்கொண்டு செல்போனில் பார்த்திருப்பீர்கள். தப்பில்லை, ஆனால் அந்த 'ஒன்றுமே நடக்கவில்லை' எனக்குச் சுருக்கென்றது.

இந்தப் படத்தை நான் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். ரோமில் வாடகை பாக்கி வைத்திருக்கும் ஓய்வூதியக் கிழவர், அவருடைய நாய், அந்த வீட்டு வேலைக்காரப் பெண் மரியா, அவ்வளவுதான் என்று முன்பே சொல்லிவைத்தேன். மரியா காலையில் எழுந்து அடுப்புப் பற்றவைக்கிறாள், சுவரில் ஊரும் எறும்புகள் மேல் தண்ணீர் அடிக்கிறாள், உட்கார்ந்து காபிக்கொட்டை அரைத்துக்கொண்டே காலை நீட்டிக் கதவைத் தள்ளி மூடுகிறாள். கண்ணில் தண்ணீர். அவள் கர்ப்பம், அப்பன் யாரென்று அவளுக்கே உறுதியில்லை. வசனம் கிடையாது. அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நானும் இப்படித்தாண்டா, அழணும்னா வேலையை நிறுத்த முடியாது" என்றார். நாற்பது வருஷமாக எனக்குத் தெரியாத விஷயம் அது.

இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் பாணி இதுதான். திரைக்கதை எழுதிய சவட்டினியும் அவரும், மற்றவர்கள் வெட்டித் தள்ளும் நிமிடங்களைத்தான் வைத்துக்கொண்டார்கள். கிழவராக வரும் கார்லோ பட்டிஸ்டி தொழில்முறை நடிகர் இல்லை, மொழியியல் பேராசிரியர். பிச்சைக்கு நீட்டிய கையை, ஒருவர் காசு போட வரும்போது மழை பெய்கிறதா என்று பார்ப்பதுபோல் திருப்பிக்கொள்வாரே, அந்த ஒரு அசைவில் ஒரு முழு வாழ்க்கையின் மானம் இருக்கிறது.

'அப்போ டி சிகாவின் பைசிக்கிள் தீவ்ஸ் படம்?' என்று யாராவது வருவார்கள். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, அது 1948, இது 1952, எனக்கு இது இன்னும் நெருக்கம், அவ்வளவுதான். படம் வந்தபோது இத்தாலிய அரசில் சினிமாவைக் கவனித்த ஆண்ட்ரியோட்டியே, நாட்டின் பெயரைக் கெடுக்கிறது என்று கண்டித்து எழுதினார்.

அப்புறம் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஒரு திரையிடலில் நேரமாகிவிட்டது என்று மரியாவின் அந்தச் சமையலறைக் காட்சியையே காட்டாமல் தாண்டிவிட்டார்கள். ஆனால் முன்னுரை மட்டும் அரை மணி நேரம்! இன்னும் ஆறவில்லை எனக்கு.

படத்தின் கடைசியில், தன்னிடமிருந்து பயந்து விலகிய நாயைக் கிழவர் ஒரு பைன் காயைக் காட்டி விளையாட்டுக்கு இழுக்கிறார், அதுவும் வருகிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மா மட்டும் கேட்டார்: "சரி, இன்னிக்கு ராத்திரி அவர் எங்கே போய்ப் படுப்பார்?"