ஜெர்மன்காரர் மெயில்ல 'ஈவென்ச்சுவலி'ன்னு எழுதினா நம்பி ஆர்டர் போடலாமா?

கேள்வி: ஸ்டுட்கார்ட்ல இருக்கற டீமோட வேலை பாக்கறேன். அங்கருந்து ஒருத்தர் இங்கிலீஷ்ல "ஈவென்ச்சுவலி இன்னொரு சர்வர் வேணும்"னு மெயில் போட்டார், எப்படியும் வேணும்தானேன்னு நான் ஆர்டர் போட்டுட்டேன். இப்ப "யார் கேட்டா?"ங்கறார். தப்பு யார் மேல?

உங்க மேல பாதி கூட இல்லீங்க. அவர் எழுதினது இங்கிலீஷ், நினைச்சது ஜெர்மன். ஜெர்மன்ல 'எவென்டுவெல்'னு ஒரு வார்த்தை இருக்கு, பாத்தா அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும், ஆனா அர்த்தம் 'ஒருவேளை', 'தேவைப்பட்டா'. அவர் சொன்னது "இன்னொரு சர்வர் தேவைப்பட்டாலும் படலாம்"னு, நீங்க படிச்சது "எப்படியும் கடைசியில வேணும்"னு.

ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்கதான். லத்தீன்ல 'வெனிரே'ன்னா வர்றது, முன்னாடி 'எக்ஸ்' சேந்தா வெளிய வர்றது. அதுல பிறந்த 'எவென்டுஸ்'னா ஒரு காரியம் கடைசியில என்னவா வந்து விடியுதோ அது. இங்கதான் பாதை பிரியுது. காரியம் நடக்கறதுக்கு முன்னாடி நின்னு பாத்தா அது என்னவா வரும்னு தெரியாது, அதனால 'வந்தா வரலாம்'. நடந்து முடிஞ்சப்புறம் நின்னு பாத்தா 'கடைசியில இப்படி ஆச்சு'. ஐரோப்பாவுல முக்காவாசிப் பேர் முன்னாடி நின்னுட்டாங்க, இங்கிலீஷ்காரன் மட்டும் பின்னாடி போய் நின்னுட்டான். அவன்கிட்டயும் பழைய எழுத்துல 'நடந்தா'ங்கற அர்த்தம் இருந்துச்சு, அப்புறம் தேஞ்சு போச்சு.

பிரெஞ்சுல 'எவான்துயெல்மான்', இத்தாலியன்ல 'எவென்டுவால்மென்டே', டச்சு, ஸ்வீடிஷ், போலிஷ் எல்லாத்துலயும் 'ஒருவேளை', 'வேணும்னா' ரகம்தான். டென்மார்க்ல மீட்டிங் அஜெண்டாவோட கடைசி ஐட்டம் பேரே 'எவென்டுவெல்ட்', அதாவது வேற ஏதாவது இருந்தா பேசலாம்னு. ஸ்பெயின்ல ஒரு தொழிலாளியை 'எவென்டுவால்'னு சொன்னா அவர் டெம்பரரி. ஜெர்மன் அக்கவுண்ட்ஸ்ல 'எவென்டுவால்' ஒட்டின கடன்னா நம்ம சி.ஏ.க்கள் சொல்ற கன்டிஞ்சென்ட் லயபிலிட்டியேதான், அதாவது ஏதாவது ஒண்ணு நடந்தா மட்டும் தலையில விழற கடன்.

சட்டத்துல இன்னும் சுவாரஸ்யம். 'டோலுஸ் எவென்டுவாலிஸ்'னு ஒண்ணு இருக்கு, இப்படிச் செஞ்சா ஆள் சாகலாம்னு தெரிஞ்சும் 'செத்தா சாகட்டும்'னு செய்யறது. காதலியைச் சுட்டுக் கொன்ன தென்னாப்பிரிக்க ஓட்டக்காரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் கேஸ்ல, கீழ்க்கோர்ட்டு கொலை இல்லேன்னு சொன்னதை 2015 டிசம்பர்ல அந்த நாட்டு அப்பீல் கோர்ட்டு மாத்தி கொலைதான்னு சொன்னது இதை வெச்சுத்தான். அங்க 'எவென்டுவாலிஸ்'க்கு 'கடைசியில'ன்னு அர்த்தம் எடுத்தா தீர்ப்பே புரியாது.

(சும்மா ஒரு தகவல், நம்ம தாலுகா ஆபீஸ் 'ரெவின்யூ'வும் இதே 'வெனிரே' குடும்பம்தான், திரும்பி வர்றதுன்னு அர்த்தம். வரி கட்டறவனுக்கு என்னமோ ஒண்ணும் திரும்பி வந்த மாதிரி தெரியல.)

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்ல. ஐரோப்பிய யூனியன் ஆளுங்க தப்பா எழுதற இங்கிலீஷ் வார்த்தைகளை அவங்க தணிக்கை மன்றமே பட்டியல் போட்டு வெச்சிருக்கு, அதுலயும் இது இருக்கு.

இனிமே என்ன செய்யணும்னா, ஜெர்மன் மெயில்ல 'எவென்டுவெல்' வந்தா, இல்ல 'evtl.'னு நாலெழுத்துல சுருக்கி புள்ளி வெச்சிருந்தா, கண்ணை மூடிட்டு 'ஒருவேளை'ன்னு படிங்க. இங்கிலீஷ்ல எழுதறது லண்டன்காரரா இருந்தா 'கடைசியில'. மத்த ஐரோப்பியர் எழுதினா ஊகமே வேணாம், "இது கன்ஃபர்மா, இல்ல தேவைப்பட்டா மட்டுமா?"ன்னு ஒரு வரி கேட்டுடுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. நீங்க எழுதறப்ப அந்த வார்த்தையையே தொடாதீங்க, 'மேபி'ன்னோ 'இன் தி எண்ட்'னோ போட்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி புரியும். ஜெர்மன்லயே எழுதறீங்கன்னா 'கடைசியில'க்கு 'ஷ்லீஸ்லிஷ்', 'என்னைக்காவது'க்கு 'இர்கென்ட்வான்'.

சர்வர் இன்னும் டெலிவரி ஆகலேன்னா இன்னிக்கே வென்டர்கிட்ட பேசி கேன்சல் ஆகுமான்னு கேளுங்க, கேக்கறப்ப அந்தப் பழைய மெயிலையும் சேத்து ஃபார்வர்ட் பண்ணுங்க.