முதுகலை ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரை: எந்த இதழுக்கு, எப்படி?

வாசகர் கேள்வி: ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் புவியியல் கற்பிக்கிறேன். படிவம் 2 மாணவர்கள் 62 பேர், இரண்டு வகுப்புகள். ஒரு வகுப்பைச் சுங்கை பினாங்கு ஆற்றோரம் களப்பணிக்கு அழைத்துப் போனேன். இன்னொன்றுக்கு அதே பாடத்தை வகுப்பறையிலேயே நடத்தினேன். நிலவரைபடம் வாசிக்கும் திறன் கூடுகிறதா என்பதே என் முதுகலை ஆய்வு. மலாய்மொழியில் 180 பக்கம். இதைக் கட்டுரையாக்க வேண்டும் என்கிறார் மேற்பார்வையாளர். இதற்கிடையில் ஓர் 'அனைத்துலக ஆய்விதழ்' தானாகவே மின்னஞ்சல் அனுப்பி, 150 டாலர் கட்டினால் ஏழு நாளில் ஸ்கோபஸ் என்னும் ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் வரும்படி வெளியிடுகிறோம் என்கிறது. அனுப்பலாமா? இல்லையென்றால் எங்கே, எப்படி?

பதில்:

அனுப்பாதீர்கள். கட்டணம் கேட்பது மட்டும் குற்றமில்லை. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களில் நல்லவையும் கட்டணம் வாங்குகின்றன. ஏழு நாள் என்பதுதான் இங்கே உடைகிற இடம். உங்கள் துறை தெரிந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, அவர்கள் படித்து, கருத்து எழுதி, நீங்கள் திருத்தி, பதிப்பாசிரியர் மறுபடி பார்ப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஏழு நாளில் முடிகிறது என்றால் யாருமே படிக்கவில்லை என்று பொருள்.

இந்த இதழ் மட்டுமல்ல, எந்த இதழையும் கால் மணி நேரத்தில் சோதித்துவிடலாம். அதன் ஐ.எஸ்.எஸ்.என் என்னும் எட்டு இலக்க இதழ் அடையாள எண்ணை ஸ்கோபஸின் இலவச இதழ்ப் பட்டியலில் போட்டுப் பாருங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட இதழ்கள் 'ஸ்கோபஸ் இதழ்' என்று பழைய பெருமையைப் பேசிக்கொண்டேதான் இருக்கும். அடுத்து, இதழின் கடைசி வெளியீட்டிலிருந்து ஏதாவது ஒரு கட்டுரையின் டி.ஓ.ஐ என்னும் நிரந்தர அடையாள எண்ணை எடுத்து, டி.ஓ.ஐ தளத்தில் போடுங்கள். கட்டுரை திறக்கவில்லை, அல்லது வேறு இதழின் பக்கத்துக்குப் போகிறது என்றால் விலகிவிடுங்கள். உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி, போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. அதனால் இதழின் தளத்துக்குக் கூகுள் தேடல் வழியாகப் போகாமல் பதிப்பகத்தின் பக்கம் வழியாகப் போவது நல்லது. 'குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்' மாதிரி பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரைக் கணக்கிடுவது கிளாரிவேட் நிறுவனம் ஒன்றுதான்.

ஏற்கெனவே கோப்பை அனுப்பிவிட்டீர்கள் என்றால் பணம் கட்டாமல், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல், 'திரும்பப் பெறுகிறேன்' என்று எழுத்தில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறவும் கட்டணம் கேட்பார்கள். கட்டாதீர்கள்.

இனி எங்கே அனுப்புவது? பலரும் கட்டுரையை எழுதி முடித்த பிறகு இதழ் தேடுகிறார்கள். அது தலைகீழ் வேலை. யார் படிக்கப்போகிறார்கள் என்று முடிவு செய்யாமல் முதல் பத்தியைக்கூட எழுத முடியாது.

புவியியல் கல்விக்கென்றே உள்ள இதழ்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அமெரிக்காவின் தேசியப் புவியியல் கல்வி மன்றம் நடத்தும் 'ஜர்னல் ஆஃப் ஜியோகிரபி' 1902 முதல் அந்தப் பெயரில் வருகிறது. பள்ளிப் புவியியலுக்கு அதில் நிறைய இடம் உண்டு. 1992இல் தொடங்கிய 'இன்டர்நேஷனல் ரிசர்ச் இன் ஜியோகிராஃபிகல் அண்ட் என்விரான்மென்டல் எஜுகேஷன்' அனைத்துலகப் புவியியல் ஒன்றியத்தின் கல்வி ஆணையத்தோடு தொடர்புடையது. பல நாட்டு வகுப்பறைகளை ஒப்பிட்டுப் படிக்கிற வாசகர்கள் அதற்கு. 1977இல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் ஜியோகிரபி இன் ஹையர் எஜுகேஷன்' பெயரிலேயே சொல்லிவிடுகிறது, பல்கலைக்கழகப் பாடம் மட்டும் என்று. படிவம் 2 ஆய்வை அங்கே அனுப்பினால் மதிப்பாய்வுக்கே போகாமல் திரும்பும். அப்படித் திரும்பும் கட்டுரைகள் ஏராளம். இந்த மூன்றையும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகம் வெளியிடுகிறது. திறந்த அணுக்கத்தை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதவரை ஆசிரியர் காசு கட்ட வேண்டியதில்லை.

உள்நாட்டில் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் 'ஜியோகிராஃபி', மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் 'ஜியோகிராஃபியா' இரண்டிலும் மலாயில் எழுதலாம். கல்வியியல் பக்கம் சாய்ந்து எழுதினால், உங்கள் ஊரிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வெளியிடும் 'ஆசியா பசிபிக் ஜர்னல் ஆஃப் எஜுகேட்டர்ஸ் அண்ட் எஜுகேஷன்' இருக்கிறது. இங்கிலாந்தின் புவியியல் கழகம் நடத்தும் 'டீச்சிங் ஜியோகிரபி' இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கான இதழ். நீளமான ஆய்வுமுறை தேவையில்லை, வகுப்பில் என்ன செய்தீர்கள் என்பதே முக்கியம்.

62 மாணவர், ஒரே பள்ளி, கற்பித்தவரே ஆய்வாளர் என்கிற அளவுக்கு முதல் கட்டுரையை உள்நாட்டு இதழில் மலாயில் கொடுப்பதே சரி. படிக்க வேண்டியவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். களப்பணியில் மாணவர் எழுதிய குறிப்புகள், வரைந்த தடங்கள் கைவசம் இருந்தால் அவற்றை வைத்து வேறு கேள்வியோடு ஆங்கிலத்தில் இன்னொரு கட்டுரை எழுதலாம். ஒரே முடிவை இரு மொழியில் இரு இதழுக்கு விற்பது இரட்டை வெளியீடு, அதைச் செய்யக்கூடாது. ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்புவதும் அப்படித்தான்.

180 பக்கத்தைச் சுருக்குகிறேன் என்று உட்கார்ந்தால் 40 பக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். சுருக்க வேண்டாம், பிடுங்கி எடுங்கள். ஆய்வேட்டில் நான்கைந்து ஆய்வுக் கேள்விகள் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு வேண்டிய அட்டவணைகளை முதலில் வெற்றுக் கோப்பில் ஒட்டுங்கள். இரண்டு அல்லது மூன்று அட்டவணை, ஒரு வரைபடம். அவற்றைச் சுற்றித்தான் எழுத்து வளர வேண்டும். பெரும்பாலான இதழ்கள் கேட்பது 6,000 முதல் 8,000 சொல். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் 40 பக்கம் ஓடும் முன்னாய்வுகள் இங்கே மூன்று பக்கத்துக்குள் அடங்க வேண்டும். களப்பணி என்றால் என்ன என்று வரையறை சொல்லும் பத்தியை யாரும் படிப்பதில்லை. இதே கேள்வியை யார் யார் கேட்டார்கள், எங்கே விட்டார்கள் என்பது மட்டும் போதும்.

ஆய்வேடு பல்கலைக்கழக மின்னூலகத்தில் இருந்தால் நகலைக் கண்டறியும் மென்பொருளான டர்னிட்டின் உங்கள் வரிகளையே உங்களிடமிருந்து திருடியதாகக் காட்டும். பதிப்பாசிரியருக்கு எழுதும் முகப்புக் கடிதத்தில், இது இன்ன ஆய்வேட்டிலிருந்து வந்தது என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் வரிகளையும் புதிதாக எழுதுங்கள்.

இப்போது எண்கள். கல்வியியல் கட்டுரைகள் அடிவாங்கும் இடம் இதுதான். எஸ்.பி.எஸ்.எஸ் என்னும் புள்ளியியல் மென்பொருளின் பழைய பதிப்புகளில் பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லையென்றாலும் இப்படியொரு வேறுபாடு தற்செயலாக வரும் நிகழ்தகவு) .000 என்று வரும்; அதை அப்படியே அட்டவணையில் போட்டால், எழுதியவருக்குப் புள்ளியியல் தெரியாது என்று மதிப்பாய்வாளர் அந்த இடத்திலேயே முடிவுகட்டுவார். நிகழ்தகவு சுழியாக இருக்க முடியாது; மூன்று தசமத்துக்கு மேல் திரை காட்டவில்லை, அவ்வளவுதான். '.001க்கும் குறைவு' என்று எழுத வேண்டும். பி மதிப்பு மட்டும் போதாது, விளைவின் அளவும் வேண்டும். களப்பணி வகுப்பின் சராசரி 14.2, மற்றதன் சராசரி 12.1, பொதுத் திட்ட விலக்கம் 3.5 என்று வைத்துக்கொண்டால், வேறுபாடு 2.1, 3.5ஆல் வகுத்தால் கோஹன் டி 0.6. நடுத்தர அளவு விளைவு என்று பேசலாம். பி மதிப்பு இதைச் சொல்லாது.

மாணவர்களைக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரிக்கவில்லை, இருந்த வகுப்புகளையே எடுத்தீர்கள் அல்லவா? அப்படியானால் அதை 'பரிசோதனை' என்று எழுதாமல் 'அரைப்பரிசோதனை' என்று எழுதுங்கள். முன்தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்ளும் அன்கோவா போன்ற சோதனையும் செய்யுங்கள். வலுவான வகுப்பையே ஆற்றுக்குக் கூட்டிப்போயிருக்கலாமே என்பது மதிப்பாய்வாளரின் முதல் சந்தேகமாக இருக்கும். இரண்டு வகுப்புக்கும் நீங்களே ஆசிரியர் என்பதையும் மறைக்காமல் வரம்புகள் பகுதியில் எழுதுங்கள். அவர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட நீங்களே சொல்வது மரியாதை.

வெளிநாட்டு இதழுக்குப் போகும் கட்டுரையில் 'படிவம் 2' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 13, 14 வயது, பள்ளிப் படிப்பின் எட்டாம் ஆண்டு என்று எழுதுங்கள். புவியியல் படிவம் 1 முதல் 3 வரை கட்டாயம், 4, 5இல் விருப்பப்பாடம் என்று ஒரு வரி சேர்த்தால் உங்கள் ஆய்வு எந்த வயதில் ஏன் நடந்தது என்பது விளங்கிவிடும்.

வரைபடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புவியியல் இதழில் மோசமான வரைபடம் போடுவது சமையல் போட்டியில் உப்பில்லாத குழம்பு வைப்பதைப் போன்றது. ஆய்வேட்டில் இருப்பது பெரும்பாலும் கூகுள் மேப்ஸ் திரைப்பிடிப்பு. அச்சில் 16 செ.மீ அகலம் நிரப்ப, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 1,890 பிக்சல் வேண்டும். திரைப்பிடிப்பில் வரைபடப் பகுதி 800 பிக்சல்தான் என்றால் 127 புள்ளிதான் தேறும். ஊர்ப் பெயரெல்லாம் புகைமூட்டம். உரிமைச் சிக்கல் வேறு. இலவச மென்பொருளான கியூஜிஸில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்கி, உங்களுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு, முக்கியச் சாலைகள், களப்பணி நிறுத்தங்கள் எண்ணிட்டு. தரவு தந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி வரி கட்டாயம். அது உரிம நிபந்தனை. அளவுகோலைக் கோட்டாகப் போடுங்கள், '1:25,000' என்று எழுத்தில் மட்டும் விடாதீர்கள். பதிப்பகம் படத்தைச் சுருக்கினால் அந்த விகிதம் பொய்யாகிவிடும், கோடு படத்தோடு சேர்ந்து சுருங்கும். மூலையில் தீபகற்ப மலேசியாவின் சிறு படத்தில் பினாங்கைக் குறியுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பார்த்து, சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் குறியீட்டை மாற்றுங்கள். நில அளவை, வரைபடத் துறையின் நிலவரைபடத் தாளை வருடி அப்படியே போடுவதற்கு அனுமதி தேவை.

மாணவர் படங்களில் முகத்தை மறைத்துவிட்டுச் சீருடைச் சின்னத்தை விட்டுவிடுவார்கள். சின்னத்தைப் பெரிதாக்கினால் பள்ளியின் பெயரே தெரியும். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் தடத்தை மாணவர் வரைந்திருந்தால் முதல் புள்ளியை வெட்டிவிடுங்கள். அது ஒரு குழந்தையின் வீட்டு முகவரி. கல்வி அமைச்சின் இராஸ் என்னும் ஆய்வு அனுமதி முறை வழியாகப் பெற்ற அனுமதிக் கடித எண்ணும், பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதலும், பெற்றோர் சம்மதமும் கட்டுரையில் ஒரு பத்தியாக வர வேண்டும். ஆனால் மதிப்பாய்வுக்குப் போகும் பிரதியில் பள்ளி, பல்கலைக்கழகப் பெயர்களை நீக்குங்கள். வேர்ட் கோப்பின் பண்புகளிலும் உங்கள் பெயர் ஒளிந்திருக்கும். கோப்பைச் சோதிக்கும் வசதியைப் பயன்படுத்தி அதையும் அழியுங்கள்.

பெயர் என்றதும் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். அடையாள அட்டையில் 'மாலதி ஏ/பி முனியாண்டி', அதாவது முனியாண்டியின் மகள் மாலதி என்றிருக்கும். இதழின் படிவம் முதல்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம்தான் தரும். பின்னதில் 'ஏ/பி முனியாண்டி' என்று நிரப்பினால், மேற்கோள்களில் ஏ ஒரு பக்கமும் பி ஒரு பக்கமும் சிதறும். 'முனியாண்டி' என்று மட்டும் நிரப்பினால் உலகம் முழுக்க அப்பாதான் ஆய்வாளர். மாலதி என்றே மேற்கோள் வர வேண்டும் என்றால் முதல்பெயரில் மு. என்ற முன்னெழுத்தையும் குடும்பப்பெயரில் மாலதியையும் போடலாம். எதுவானாலும் முதல் கட்டுரையில் முடிவு செய்துவிட்டு மாற்றாதீர்கள். ஆர்கிட் என்னும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண் இலவசம். மாற்று வடிவங்களை அதில் பதியலாம். மேற்பார்வையாளர் பெயர் எத்தனையாவதாக வரும், தொடர்பு ஆசிரியர் யார் என்பதையும் அனுப்பும் முன்பே பேசி, ஒரு மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய பிறகு 'பெரும் திருத்தம் தேவை' என்று பதில் வந்தால் கலங்க வேண்டாம். கதவு திறந்துதான் இருக்கிறது. மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை ஒன்று போடுங்கள்: அவர் சொன்னது சொல் மாறாமல், நீங்கள் செய்தது, எந்தப் பக்கம் எந்த வரி. 'திருத்திவிட்டேன், நன்றி' என்று மட்டும் எழுதினால் அவர் 30 பக்கத்தையும் மறுபடி புரட்ட வேண்டும், எரிச்சலோடு. ஒத்துக்கொள்ள முடியாத கருத்து ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். 'மூன்றாவது வகுப்பொன்றையும் சேர்க்கவும்' என்று கேட்டால், ஆய்வு முடிந்த ஆண்டில் அது இயலாது என்று காரணம் சொல்லி, அந்தக் குறையை வரம்புகள் பகுதியில் எந்த வரியில் சேர்த்திருக்கிறீர்கள் என்று காட்டுங்கள். பதிப்பாசிரியர்கள் அதை ஏற்பார்கள். பதில் சொல்லாமல் தாண்டிப்போன கருத்துக்குத்தான் கட்டுரை திரும்பி வரும்.