மூச்சுக்கும் முதுகுக்கும் துணைநிற்கும் கருவிகள்: கேள்வி பதில்

நுரையீரல் நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பிரிவில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். மூச்சுக்கருவிகளைப் பற்றியும் கீழ் முதுகு வலிக்கான கருவிகளைப் பற்றியும் வந்த கேள்விகளைப் பிரிக்காமல் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன். இந்த இரண்டு தொல்லைகளும் ஒரே உடலில் சேர்ந்திருப்பதை அன்றாடம் பார்க்கிறேன். ஒன்றுக்காக வாங்கிய கருவி மற்றொன்றைக் கெடுப்பதையும் பார்க்கிறேன்.

கேள்வி (செவிலியர் மாணவி): இரும்பு நுரையீரலும் இன்றைய வென்டிலேட்டரும் ஒரே தத்துவத்தில்தான் இயங்குகின்றனவா?

இல்லை, இரண்டும் எதிரெதிர் தத்துவங்கள். நாம் இயல்பாக மூச்சை இழுக்கும்போது, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கீழிறங்கி மார்புக்கூடு விரிகிறது. உள்ளே அழுத்தம் குறைவதால் காற்று தானாக நுழைகிறது. 1928-இல் ஹார்வர்டில் பிலிப் டிரிங்கரும் லூயி அகாசி ஷாவும் உருவாக்கிய இரும்பு நுரையீரல் இதே வழியைப் பின்பற்றியது. நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்க, உடல் முழுவதும் ஓர் உலோகப் பெட்டிக்குள் கிடக்கும்; பெட்டியின் அழுத்தம் குறையும்போது மார்பு விரியும். போலியோவால் மூச்சுத்தசைகள் செயலிழந்த பலரை அது உயிரோடு வைத்திருந்தது.

திருப்பம் 1952-இல் கோபன்ஹேகனில் நேர்ந்தது. போலியோ பரவிய அந்தக் கோடையில் பிளெக்டாம் மருத்துவமனையில் இருந்தவை ஒரே ஓர் இரும்பு நுரையீரலும் மார்பை மட்டும் மூடும் சில கூடுகளும்தான்; தொடக்கத்தில் அவற்றைக் கொண்டு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், அறுவை அரங்கில் தாம் செய்வதையே வார்டிலும் செய்யலாம் என்றார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி, காற்றை நுரையீரலுக்குள் செலுத்தினார். இயந்திரம் இல்லாத குறையை ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தித் தீர்த்தார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய வென்டிலேட்டர் அந்த மாணவர்களின் கைகள் செய்த வேலையைச் செய்கிறது என்று நினைத்துக்கொண்டால், அதன் தத்துவம் உங்களுக்கு மறக்காது.

கேள்வி: என் தந்தைக்குச் சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உண்டு. இடுப்பு வலிக்காகப் பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். அதை அணிந்தால் மூச்சு வாங்குகிறது என்கிறார். இது மனப்பிரமையா?

மனப்பிரமை அல்ல, அவர் சொல்வதை நம்புங்கள். உதரவிதானத்தின் பின்புறத் தசைக்கால்கள் இடுப்புப்பகுதி முதுகெலும்பின் மேல் எலும்புகளில்தான் பற்றியிருக்கின்றன. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது அது கீழிறங்கி வயிற்றுறுப்புகளை அழுத்துகிறது, வயிறு சற்று முன்னே தள்ளுகிறது. அப்போது வயிற்றுக்குள் உண்டாகும் அழுத்தம் முதுகெலும்புக்கு முட்டுக்கொடுக்கிறது. ஆகவே ஒரே தசை மூச்சுக்கும் முதுகுக்கும் பொறுப்பாளி. சி.ஓ.பி.டி. நோயில் வெளியேற வேண்டிய காற்று நுரையீரலில் தேங்கி, உதரவிதானம் தட்டையாகி, கீழிறங்குவதற்கு அதற்கு மிச்சமிருக்கும் இடமே குறைவு. அந்த நிலையில் வயிற்றை இறுக்கிக் கட்டினால், நலமானவர் உணராத தடையை உங்கள் தந்தை உணர்கிறார்.

பெல்ட்டைப் பற்றி என் கருத்து பொதுவாகவே சாதகமானதன்று. நீடித்த கீழ் முதுகு வலிக்கு இடுப்புப் பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கூறுகிறது. ஏதேனும் ஒரு வேலையின்போது மட்டும் அணிந்து தெம்பு பெறுகிறார் என்றால் தடுக்கமாட்டேன். தளர்த்தி அணியட்டும், உண்டபின் அணிய வேண்டாம், நாள் முழுவதும் வேண்டவே வேண்டாம்.

அதற்குப் பதிலாக வேறொரு கருவியைப் பரிந்துரைக்க விரும்புகிறேன்: கைப்பிடியும் பிரேக்கும் இருக்கையும் கொண்ட சக்கர நடைத்துணை, அதாவது ரோலேட்டர். கைகளை ஊன்றிச் சற்று முன்சாய்ந்து நடக்கும்போது தோளைச் சுற்றியுள்ள தசைகள் மூச்சுக்கு உதவ முடிகிறது. தண்டுவடக் கால்வாய் குறுகியதால் வலி வருபவர்களுக்கு அதே முன்சாய்வு முதுகையும் இளக்குகிறது. நின்று மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் உட்காரவும் முடியும். இதை 1978-இல் உருவாக்கிய ஐனா விஃபால்க் என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண்மணி தாமே போலியோவால் பாதிக்கப்பட்டவர். நடக்க அல்லற்பட்ட ஒருவர் எண்ணிச் செய்த கருவி என்பது அதைப் பிடித்து நடக்கும்போதே தெரியும். கைப்பிடியின் உயரத்தை மட்டும் ஓர் இயன்முறை மருத்துவர் சரிபார்க்கட்டும். தாழ்வாக இருந்தால் கூன் விழுந்து முதுகு வலி கூடும்.

கேள்வி: கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்பதாகச் சொல்லி சிபாப் கருவி தந்திருக்கிறார்கள். பழகிவிட்டால் நுரையீரல் சோம்பிவிடாதா?

சோம்பாது. சிபாப் அவருக்காக மூச்சு விடுவதில்லை. மூச்சை அவரே இழுக்கிறார், அவரே விடுகிறார். தூக்கத்தில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் தொண்டைச் சுவர்களைக் காற்றின் அழுத்தத்தால் விலக்கிப் பிடிப்பது மட்டுமே கருவியின் வேலை. ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1980-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதைப் பயன்படுத்தியபோது, வெற்றிடத் துப்புரவுக் கருவியின் மோட்டாரைத் திருப்பிக் காற்றை ஊதச் செய்தார். கருவியைக் கழற்றிய இரவே குறட்டையும் மூச்சுத்தடையும் திரும்பும்; அது பழக்கத்துக்கு அடிமையானதன் அடையாளம் அன்று, தொண்டையின் அமைப்பு மாறவில்லை என்பதன் அடையாளம். முகமூடி கன்னத்தில் தடம் பதிக்குமளவு இறுக்க வேண்டியிருந்தால் அளவு தவறு. மாற்றித் தரக் கேளுங்கள். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துக்கொள்வது தொண்டைக்கும் நல்லது, இடுப்புக்கும் நல்லது.

கேள்வி: டென்ஸ் என்ற மின்துடிப்புக் கருவியை இடுப்பில் ஒட்டிக்கொண்டால் வலி குறைகிறது; எடுத்தால் திரும்பிவிடுகிறது. கருவி பழுதா, நான் ஒட்டும் இடம் தவறா?

இரண்டும் இல்லை. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள், தண்டுவடத்தில் வலிச்செய்திகளுக்கு ஒரு வாயில் இருப்பதாகவும், தொடுவுணர்வு நரம்புகள் தூண்டப்பட்டால் அந்த வாயில் ஓரளவு மூடிக்கொள்வதாகவும் விளக்கினார்கள். இடித்துக்கொண்ட முழங்கையை உடனே தேய்த்துவிடுகிறோமே, அதுவும் இதுதான். டென்ஸ் அந்தத் தேய்ப்பை மின்துடிப்பால் செய்கிறது. வலியின் காரணத்தை அது தொடுவதில்லை. கீழ் முதுகு வலியில் அதன் பயனுக்கான சான்று வலுவற்றது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் இதைத் தர வேண்டாம் என்றே கூறியது. உங்களுக்குச் சற்று இதம் கிடைக்கிறது என்றால், அந்த இதமான அரைமணி நேரத்தை நடப்பதற்கும் பயிற்சிக்கும் செலவிடுங்கள். படுத்தபடி அனுபவித்து முடித்துவிடாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கழுத்தின் முன்புறத்தில் யாருமே ஒட்டக்கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இருக்கிறது. மூச்சு வாங்கும்போது அளவைக் கூட்டலாமா? முதுகுக்குத் தைலம் தேய்க்கலாமா?

இந்தக் கருவி எதையும் சேமித்து வைப்பதில்லை. அறைக்காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். உள்ளேயுள்ள சியோலைட் மணிகள் அழுத்தத்தில் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஆக்சிஜன் வெளிவருகிறது. இடைவிட்டுக் கேட்கும் அந்தப் பெருமூச்சுச் சத்தம், பிடித்த நைட்ரஜனை மணிகள் வெளியேற்றும் சத்தம். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். சி.ஓ.பி.டி. நோயாளிகளில் சிலருக்கு மிகுதியான ஆக்சிஜன், இரத்தத்தில் கரியமில வாயுவைச் சேர்த்துவிடும். அதனால்தான் அத்தகையோருக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை போதும் என்று குறிக்கிறோம். காலையில் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எண்ணெய்ப் பசையுள்ள தைலத்தையும் களிம்பையும் மூக்கு, முகம், குழாய் அருகே கொண்டுவரவே கூடாது. ஆக்சிஜன் செறிந்த இடத்தில் அவை எளிதில் தீப்பற்றும். முதுகில் தேய்த்த கையோடு மூக்குக் குழாயைச் சரிசெய்யும் வழக்கம் பல வீடுகளில் உண்டு, அதை நிறுத்துங்கள். இதம் வேண்டுமானால் மிதமான வெந்நீர்ப்பை போதும். மூக்கு வறண்டால் நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்லைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: முதுகு வலிக்குக் கட்டாந்தரைதான் நல்லது என்கிறார்களே?

313 பேரைக் கொண்டு நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. தரை வேண்டாம்.

கேள்வி: தலைகீழாகத் தொங்கவிடும் பலகை முதுகுத்தண்டை நீட்டி வலியைத் தீர்க்குமா?

நீட்டும், சிறிது நேரத்துக்கு. எழுந்து நின்றதும் பழைய நிலை வந்துவிடும். உயர் இரத்த அழுத்தம், கண்ணழுத்த நோய், மூச்சு நோய் உள்ளவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு நீண்ட காலமாக ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் என் அத்தைக்குப் பலமாக இருமியபோது முதுகில் சுரீரென வலி வந்து, பத்து நாளாகத் தணியவில்லை. எந்தப் பெல்ட் வாங்கலாம்?

எதையும் வாங்குவதற்கு முன் எக்ஸ்ரே எடுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். நீண்ட காலம் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரை எலும்பை மெலியச் செய்யும். அத்தகைய முதுகெலும்பு ஓர் இருமலிலேயே நசுங்கிவிடக்கூடும். வலி மாத்திரையிலும் கவனம் தேவை: ஆஸ்பிரின் வகை வலிநிவாரணிகள் ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டும், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகையோ மூச்சையே மட்டுப்படுத்தும். கால் பலமிழப்பது, சிறுநீர் பிரியாதது, இருக்கையில் படும் பகுதி மரத்துப்போவது ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பயந்துபோய் ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்திவிட வேண்டாம், அது இதைவிடப் பெரிய ஆபத்து. இருமல் வரும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் இருமச் சொல்லுங்கள். பெல்ட் வேண்டுமா, எது வேண்டும் என்பதை எக்ஸ்ரேவைப் பார்த்த மருத்துவர் முடிவு செய்யட்டும்.