டவுன்ஹாலுக்கு மதியம் வேண்டாங்க

"அம்மாவோட மதியம் 1 மணிக்கு கோவை டவுன்ஹால் பக்கம் போறேன், கோரா சேலையும் எடுக்கணும், கார்ல வரலாமா"ன்னு கேட்டிருந்தீங்க. அந்நேரம் அங்க இருக்கற கோனியம்மன் கோயில் நடை சாத்தியிருக்கும், காலையிலயே வாங்க. ஒப்பணக்காரத் தெருவுக்குள்ள கார் நுழைஞ்சா மாட்டிக்கும். ரயில்வே ஜங்ஷன் பக்கம் காரை விட்டுட்டு ஆட்டோ பிடிங்க. டவுன்ஹால்னு சொல்ற, 1892-ல கட்டின விக்டோரியா ஹாலை வெளிய இருந்து பார்த்தாப் போதும், உள்ள மாநகராட்சிக் கூட்டந்தான்.

கோரா காட்டன்னா பட்டும் பருத்தியும் கலந்திருக்கணும். பாவு (நீளவாட்டு நூல்), ஊடை (குறுக்கு நூல்) ரெண்டுலயும் ஒவ்வொரு நூல் கேட்டு வாங்கி, கடைக்கு வெளிய கொளுத்திப் பாருங்க. பட்டு முடி கருகுற நாத்தம் அடிக்கும், பருத்தி காகிதமாட்டம் எரியும். உருகிக் கெட்டியா உருண்டுச்சுன்னா பாலியஸ்டர். நூல் தர முனகுற கடையை விட்டுருங்க.

ஓவியமும் பார்க்க ஆசைன்னா அவினாசி ரோடு கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் போகணுங்க.