புடவையில் நிற்பவரைப் படமெடுத்தால் ஏன் விறைப்பாகத் தெரிகிறார்?

நிச்சயதார்த்தப் படங்கள் எல்லாவற்றிலும் உங்கள் அக்கா விறைத்து நிற்பதாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலும் குற்றம் முகத்தில் இல்லை, கால்களில் இருக்கிறது. கேமராவுக்கு நேராக, இரு கால்களிலும் சமமாக எடையைப் போட்டு நின்றால் யாராக இருந்தாலும் அகலமாகவும் இறுக்கமாகவும்தான் தெரிவார்கள். உடலைச் சுமார் 45 டிகிரி திருப்பி, எடையைப் பின்காலில் வைக்கச் சொல்லுங்கள். முன்முழங்கால் தானாக மடியும், இடுப்பு லேசாகச் சாயும், கொசுவமும் நேர்த்தியாக விழும்.

கைகளுக்கு ஏதாவது வேலை கொடுங்கள். முந்தானை நுனியைப் பிடிப்பதோ வளையலைத் திருகுவதோ போதும். முழங்கை உடலோடு ஒட்டினால் இரண்டும் சேர்ந்து பருமனாகத் தெரியும். சற்று விலக்கினால் இடை தனியாகத் தெரியும்.

முகவாயைக் கொஞ்சம் முன்னே நீட்டி, லேசாகத் தாழ்த்த வேண்டும். நேரில் பார்க்க ஆமை எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும் (சிரித்துவிடாதீர்கள்), ஆனால் படத்தில் தாடைக்கோடு தெளிவாக வரும்.

போனில் எடுப்பதானால் முகத்துக்கு மிக அருகில் போகாதீர்கள், மூக்கு பெரிதாகத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். கேமராவில் எடுப்பதானால், தள்ளி நின்றே முகத்தை நெருக்கமாகக் காட்டும் 85 மி.மீ. லென்ஸ் இருந்தால் நல்லது.

"சிரி, சிரி" என்று விரட்டுவது எனக்குப் பிடிக்காத வழக்கம். அதற்குப் பதில் மூச்சை நன்றாக வெளியே விடச் சொல்லுங்கள். தோள்கள் இறங்கும் அந்த நொடியில் பட்டனை அழுத்துங்கள்.