வேலூரில் சத்துவாச்சாரி, காந்தி நகர் மாதிரியான பழைய குடியிருப்புப் பகுதிகளில் வாழ்க்கை எப்படி இருக்கும்? வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நிம்மதியான இடங்கள்தான். கடை, பள்ளி, ஷேர் ஆட்டோ எல்லாம் நடக்கிற தூரத்தில் கிடைக்கும். ஆனால் அங்கே நாள் நல்லபடியாகப் போகிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது தண்ணீரும் வெயிலும். வேலூரைப் பற்றிச் சொல்லும் பழைய பேச்சில் 'தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை' என்று வருமே, வீடு தேடுகிறவர் அந்த இரண்டையும் அப்படியே பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் தண்ணீர். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. அது அபூர்வம். ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல்தான். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு விதத் தண்ணீர் புழங்கும். ஒன்று மேட்டூர் பக்கமிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர். இன்னொன்று போர் தண்ணீர். காவிரித் தண்ணீர் தினமும் வரும் என்று நினைத்து வராதீர்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்பது தெருவுக்குத் தெரு மாறும். வீட்டுக்காரரைக் கேட்பதைவிட எதிர்வீட்டு அம்மாவைக் கேளுங்கள், சரியாகச் சொல்லுவார். வால்வு இருக்கும் முனையிலிருந்து அந்த வீடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் பாருங்கள். கடைசி நாலைந்து வீடுகளுக்கு அழுத்தம் குறையும்.

கணக்கு எளிது. நகர்ப்புறத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுபவர்கள் வைத்திருக்கும் அளவு. நாலு பேருக்கு 540 லிட்டர். ஒரு வாரம் தண்ணீர் வராவிட்டாலும் ஓட்ட வேண்டும் என்றால் 3,800 லிட்டர் இருப்பு வேண்டும். 6 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி ஆழமுள்ள சம்ப் (தரைக்கடித் தொட்டி) ஏறக்குறைய 5,000 லிட்டர் பிடிக்கும், அது போதும். மாடியில் குடித்தனம் இருந்தால் அதே சம்ப்பை இரண்டு குடும்பம் பங்கு போட வேண்டியிருக்கும். அதை முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதிகளில் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் வரும் சண்டையில் பெரும்பாலானது மோட்டார் சுவிட்சைச் சுற்றித்தான்.

போர் தண்ணீர் எப்படி என்று யாரையும் கேட்க வேண்டாம். குளியலறைக்குள் போய் குழாயின் மூக்கைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்து, விரல் நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தால் உப்பு அதிகம். ஷவரில் பாதி ஓட்டை அடைத்திருக்கும். பக்கெட்டின் உள்பக்கம் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சொரசொரவென்று ஒரு வளையம் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், கையோடு கொண்டுபோகலாம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் மீட்டர் கிருமியைக் காட்டாது. பழைய ஹவுசிங் போர்டு வீடுகளில் மனை சிறியது. பின்னாளில் அறை சேர்த்துக் கட்டும்போது சம்ப்பும் செப்டிக் டேங்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். சம்ப் சுவரில் விரிசல் விட்டால் வெளியே தெரியாமலே கசிவு கலந்துவிடும். மூன்று, நான்கு அடிதான் இடைவெளி என்றால் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துக் கிருமிப் பரிசோதனை செய்யாமல் குடிவராதீர்கள்.

பலரும் செய்யும் தவறு, காவிரியையும் போரையும் ஒரே சம்ப்பில் விடுவது. நல்ல தண்ணீரும் உப்பாகிவிடும். அப்புறம் ஆர்ஓ மெஷின் வாங்கி, சுத்தமாகும் தண்ணீரைவிட அதிகமாகவே கழிவாக வெளியே விட வேண்டும். மாடியில் 500 லிட்டர் டேங்க் ஒன்றைத் தனியாக வைத்து, காவிரித் தண்ணீரை அதில் மட்டும் ஏற்றி, அடுப்படிக்கு ஒரு லைன் இழுத்துவிட்டால் போதும். கழிப்பறை, தோட்டம், துணி துவைக்க போர் தண்ணீர். கீசர் மட்டும் எந்த லைனில் இருக்கிறது என்று பாருங்கள். உப்புத் தண்ணீரில், சூடாக்கும் கம்பிச் சுருளான காயில் மேல் சுண்ணாம்பு படிந்து, முதலில் கரண்ட் அதிகம் இழுக்கும், பிறகு காயிலே போய்விடும். இன்னொன்று, குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி குற்றம். பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள். அதைவிட, கடைக்கோடி வீட்டுக்காரரின் தண்ணீரை எடுத்துக்கொள்கிறோம் என்பது பெரிய விஷயம். சம்ப் மூடி இடைவெளியில்லாமல் மூட வேண்டும். டெங்கு கொசு சாக்கடையில் வளர்வதில்லை, இந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

அடுத்தது வெயில். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். சத்துவாச்சாரியில் மலையடிவாரத்துத் தெருக்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. மொட்டைப் பாறை பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவில்தான் வெளியே விடும். காலையில் வீடு பார்த்துவிட்டு 'காத்தோட்டமா இருக்கு' என்று அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். மாலை நாலு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய், மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அப்போதும் சுட்டால் அந்த அறையில் தூங்க முடியாது. தரைத்தள வீடு கிடைத்தால் கொஞ்சம் வாடகை கூட என்றாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

மாடி வீடுதான் என்றால் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு கிலோ கற்சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர். இரும்பு டிரம்மில் ஊறவையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், நீற்றும்போது கொதிக்கும். தண்ணீரில்தான் கல்லைப் போட வேண்டும், கண்ணில் தெறிக்காமல் தள்ளி நில்லுங்கள். இரவு முழுக்க விட்டு, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை சேர்த்து, மாடியைக் கூட்டி நனைத்துவிட்டு இரண்டு கோட். மார்ச் கடைசியில் அடித்தால் கோடை முழுக்க நிற்கும், மழையில் கரைந்துவிடும். விரிசல் இருந்தால் முதலில் அதை அடையுங்கள், சுண்ணாம்பு ஒழுகலை நிறுத்தாது. சின்டெக்ஸ் டேங்க்கை விடியற்காலையில் நிரப்பி, நிழலுக்கு ஒரு ஷீட் போடுங்கள். இல்லாவிட்டால் மாலை ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்து கையைக் கழுவ முடியாது.

மழைக்காலத்தில் பார்க்க வேண்டியது தெருவின் உயரம். பழைய குடியிருப்பில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரின் மேலேயே போட்டு வந்ததால் தெரு ஏறி, வீடு இறங்கியிருக்கும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சொன்னது, அதற்கு முன்பு ஏறினது ஏறினதுதான். கேட்டுக்கு உள்ளே நின்று பாருங்கள். முன்பு மூன்று படி ஏறிப் போன வீட்டில் இப்போது ஒரு படிதான் தெரிகிறது என்றால், சாயங்கால இடிமழை ஒன்று அடித்தால் மலைச்சரிவுத் தண்ணீர் வாசலுக்கு வரும். சம்ப் மூடி தெரு மட்டத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் மோசம், சாக்கடைத் தண்ணீர் நேராக உள்ளே போகும். மூடியைச் சுற்றி ஒன்பது அங்குலமாவது செங்கல் வைத்து உயர்த்த வேண்டும். காரை ஏற்றுவதற்காகக் கால்வாய் மேல் கான்கிரீட் கொட்டிவிடும் வழக்கமும் இங்கே அதிகம். அடியில் மண் சேர்ந்தால் தூர் வார வழியில்லை. தூக்கி எடுக்கிற மாதிரி பலகைக்கல் போட்டால் தெருவுக்கே நல்லது.

மனிதர்களைப் பற்றி. ரிட்டையர்டு அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் அதிகம். பிள்ளைகள் பெங்களூரிலோ சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெற்றோர் கீழே இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுவார்கள். ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சுவலி என்றால் பக்கத்து வீட்டுக் கார் வரும், அதில் சந்தேகமே வேண்டாம். அதே அக்கறை உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பதிலும் இருக்கும். வீடு கேட்கும்போதே சாதியும் சாப்பாடும் விசாரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு, அப்படிக் கேட்கிற வீட்டை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போங்கள், கேட்காதவர்களும் நிறையப் பேர் உண்டு. கல்யாணமாகாதவர்களுக்கு வீடு கிடைப்பது கஷ்டம். காட்பாடிப் பக்கம் விஐடி பல்கலைக்கழகம் இருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை.

வாடகைக்கு வந்தால் உங்கள் பகுதிக்குத் தனி இபி மீட்டர் இருக்கிறதா பாருங்கள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் விலையும் மாறும். பொது மீட்டரில் வீட்டுக்காரரின் ஏசிக்கு நீங்களும் சேர்ந்து கட்ட வேண்டிவரும். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆகவே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்துக்கு முன் வரி வரியாகப் படியுங்கள். பெயிண்ட் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வாங்குவதென்றால், ஹவுசிங் போர்டு ஒதுக்கீட்டு ஆணை மட்டும் போதாது. தவணை முழுக்கக் கட்டி வாரியம் பதிந்து கொடுத்த கிரயப் பத்திரம் வேண்டும். ஒதுக்கீடு பெற்றவர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, நடப்பு அரையாண்டு சொத்துவரி ரசீது இவற்றோடு, அனுமதி வாங்கிய வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு டேப்பால் அளந்து பாருங்கள். பின்பக்கம் சேர்த்துக் கட்டின அறை வரைபடத்தில் இல்லையென்றால் வங்கி மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் எடுக்காமல் விடலாம், ஆனால் விலை பேசும்போது விற்பவர் அதையும் சேர்த்துத்தான் சொல்லுவார்.