மூன்றே நாளில் கட்டுரை வெளியாகுமாம், பணம் கட்டலாமா?

கேள்வி: தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 2,500 ரூபாய் கட்டினால் மூன்றே நாளில் கட்டுரையை வெளியிடுவதாக ஒரு 'சர்வதேச ஆய்விதழ்' மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. ஐஎஸ்எஸ்என் எண், 'யுஜிசி கேர் அங்கீகாரம்' எல்லாம் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஐஎஸ்எஸ்என் என்பது இதழுக்குத் தரப்படும் அடையாள எண், வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி. எந்த வண்டி என்று சொல்லும். பிரேக் பிடிக்குமா என்று சொல்லாது. கேர் என்பது தரமான இதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த பட்டியல். அதையோ கைவிட்டுவிட்டதாக 2025 பிப்ரவரியிலேயே யுஜிசி அறிவித்தாயிற்று.

பணம் கேட்பது மட்டுமே மோசடிக்கு அடையாளம் இல்லை. நல்ல இதழ்கள் சிலவும் கட்டணம் வாங்குகின்றன. இங்கே இடிப்பது அந்த மூன்று நாள்தான். துறை அறிந்த இருவர் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லவே வாரக்கணக்கில் ஆகும். இந்த வியாபாரம் மருத்துவத்தையும் விடவில்லை. 2013இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், பாசிப்பூஞ்சையிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய் செல்லைத் தடுக்கிறது என்று வேண்டுமென்றே பிழைகளோடு ஒரு போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன!

சரி, எப்படிச் சோதிப்பது? முதலில் பழைய இதழ் ஒன்றைத் திறந்து பொருளடக்கத்தைப் பாருங்கள். குறுந்தொகைக்குப் பக்கத்தில் இறால் வளர்ப்பு, அதற்கடுத்து ஜிஎஸ்டி என்று ஓடினால் அங்கேயே மூடிவிடலாம். அடுத்து, ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லும் ஒரு பேராசிரியருக்கு, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள முகவரிக்கே எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸில் இருப்பதாகச் சொன்னால், ஸ்கோபஸ் தளத்தில் ஐஎஸ்எஸ்என் எண்ணை இலவசமாகவே தேடலாம். இடையில் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பதிப்பாளரின் தளத்துக்கு நீங்களே தேடிப் போங்கள், மின்னஞ்சலில் வந்த இணைப்பு வேண்டாம். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பலர் இதைக் கேட்காமலேயே பதறிப்போய்ப் பணம் கட்டுகிறார்கள்.

ஒருவேளை கட்டுரையை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல், திரும்பப் பெறுவதாக மின்னஞ்சல் எழுதிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கட்டணம் கேட்பார்கள். கொடுக்க வேண்டாம்.